கடையின் பெயர் களவு போனால் எந்த நீதிமன்றம்?



கல்லாப்பெட்டியை ஒருவன் தூக்கிச் சென்றால் எங்கே முறையிடுவது என்பதை நாம் அறிவோம். ஆனால், தந்தையும் பாட்டனாரும் பாடுபட்டுத் தேடிய கடைப் பெயரை வேறோர் ஊரில் ஒருவர் பலகையில் எழுதி மாட்டிவிட்டால்? பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது, களவோ நடந்துவிட்டது. வழக்கை எங்கே தொடுப்பது?

சென்னை கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில் அறிவுசார் சொத்துரிமை அலுவலகம் இருக்கிறது. தென்மாநில வணிகர்களின் வணிகச் சின்னங்கள் இங்கேதான் பதிவாகின்றன. புவிசார் குறியீட்டிற்கோ நாடு முழுமைக்கும் இது ஒன்றே பதிவகம். நம் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள் நெய்யும் பத்தமடைப் பாயும் இங்கே பதிவு பெற்றதே. எனினும் இவ்வலுவலகம் உரிமையைப் பதிவு செய்யுமேயன்றி, களவாடியவரைத் தண்டிக்காது. அதற்கு நீதிமன்றமே செல்ல வேண்டும்.

1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம், 134ஆம் பிரிவில் இதற்கு வழி சொல்கிறது. மாவட்ட நீதிமன்றத்திற்குக் குறைந்த எந்த நீதிமன்றத்திலும் இவ்வழக்கைத் தொடுக்க இயலாது. பெயரைப் பதிவு செய்தவர், தாம் வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். பதிவு செய்யாதவருக்கும் வழக்குரிமை உண்டு. ஆயினும் இச்சலுகை இல்லை. எதிரி இருக்கும் ஊருக்கோ, தீங்கு நிகழ்ந்த ஊருக்கோ அவர்தாம் அலைய வேண்டும். ஆம்பூர் வணிகரின் பெயரைக் கொல்கத்தாவில் ஒருவர் கவர்ந்தால், இவ்வேறுபாட்டின் அருமை புரியும்.

இச்சலுகைக்கும் வரம்புண்டு. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய இசை நிகழ்த்துரிமைச் சங்கம், மகாராஷ்டிரத்துத் திரையரங்க உரிமையாளர் ஒருவர் மீது தில்லியில் வழக்குத் தொடுத்தது. தில்லியில் தனக்குக் கிளை உண்டு என்பதே அதன் வாதம். 2015இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. தலைமையிடமும் தகராறு பிறந்த இடமும் ஒன்றாயிருக்க, கிளையைக் காட்டி எதிரியைத் தொலைதூரம் இழுத்தடிக்கலாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

குற்றவியல் வழக்கோ, பொதுவாகக் குற்றம் நடந்த இடத்தையே சாரும். போலிச் சின்னமிட்டால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் 2 இலட்சம் வரை அபராதமும் உண்டு. துணைக் கண்காணிப்பாளருக்குக் குறையாத காவல் அதிகாரி, பிடியாணையின்றியே சரக்கைக் கைப்பற்றலாம். ஆனால் அதற்குமுன் வணிகச் சின்னப் பதிவாளரின் கருத்தை அவர் பெற்றாக வேண்டும்.

சிங்கப்பூரிலோ துபாயிலோ பெயர் களவாடப்பட்டால் இந்தியப் பதிவு அங்கே செல்லாது. அந்நாட்டுப் பதிவு வேண்டும். 2013இல் இந்தியா மாட்ரிட் நெறிமுறையில் இணைந்தபின், ஒரே விண்ணப்பத்தின் வழியே பல நாடுகளில் பதிவு கோர முடிகிறது.

1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகப் பெயரும் சின்னமும் உரியவரின் சொத்தே என்றும், அவற்றில் அத்துமீறுதல் கூடாது என்றும் முடிவு செய்தது. ஆகவே வாசகர்களே, பிறர் பெயரால் வரும் இலாபத்தை நாடாதீர்கள். உங்கள் பெயரைப் பதியாமலும் விடாதீர்கள். பதிந்தபின் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் மறவாதீர்கள்.