தேங்காயெண்ணெய் ஒண்ணும் பண்ணாதாம்!

டெல்லி மந்திர் மார்க்கில் நம்ம டி.டி.இ.ஏ. தமிழ்ப் பள்ளி இருக்கிறதே, அங்கே பி.டி.எம். அன்றைக்கு வாசலில் நின்று பாருங்கள். அரசியலில் ஆளுக்கொரு கட்சி பேசும் நம்மாட்கள் ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருப்பார்கள். பத்தாங்கிளாஸ் பிள்ளைக்கு முகத்தில் பருவா? "தேங்காயெண்ணெய் தடவுங்க சார், இயற்கை, ஒண்ணும் பண்ணாது."

நான் பி.காம். படித்த வங்கிக்காரன், டாக்டர் இல்லை. ஆனால் ஜாமீன் இல்லாமல் "நம்புங்க சார்" என்று கடன் கேட்டு வருபவர்களை நிறையப் பார்த்தவன். இந்த 'ஒண்ணும் பண்ணாது'வும் அதே ரகம்தான்.

பரு என்பதே முடிக்கால் துளைக்குள் எண்ணெய்ப்பசையும் செத்த செல்லும் சேர்ந்து அடைத்துக்கொள்வது. அடைத்த சாக்கடை மேலே இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுவதற்குப் பெயர் வைத்தியமா? துளையை அடைக்கும் பொருட்களுக்கு 0 முதல் 5 வரை மார்க் போட்ட பழைய பட்டியலில் தேங்காயெண்ணெய்க்கு 4. அது முயல் காதில் செய்த சோதனை, மனிதத் தோலுக்கு அப்படியே பொருந்தாது என்பீர்கள். நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1970இலேயே அமெரிக்கத் தோல் மருத்துவர்கள், தலைக்குத் தடவும் பிசுக்குப் பூச்சால் நெற்றியில் வரும் பருவை 'பொமேட் ஆக்னி' என்று தனியாகப் பெயர் வைத்து எழுதியிருக்கிறார்கள். அது மனித நெற்றி. எண்ணெய் வழிய வாரிப் பின்னிய நம் பிள்ளைகளின் நெற்றி ஓரத்தைப் பாருங்கள், புரியும்.

கொஞ்சம் படித்தவர்கள் வேறு பாட்டு பாடுவார்கள்: தேங்காயெண்ணெயில் பாதி லாரிக் அமிலம், அது பருக் கிருமியைக் கொல்லுமாமே! 2009இல் ஓர் ஆய்வு வந்தது உண்மை. அதில் சோதித்தது தனியாகப் பிரித்த லாரிக் அமிலத்தை, அதுவும் ஆய்வுக்கூடத்திலும் எலியிலும். எண்ணெயில் அது கொழுப்போடு கட்டுண்டு கிடக்கிறது. ஃபிக்ஸட் டெபாசிட் ரசீதை நீட்டி டீக்கடையில் டீ கேட்க முடியுமா?

எண்ணெய் மேல் எனக்கென்ன பகை! ஜனவரியில் பாட்டிலோடு உறைந்துபோகும் அதை வெந்நீரில் வைத்து உருக்கி, வெடித்த கைகாலுக்கு நானும்தான் தடவுகிறேன். வறண்ட தோலுக்கு அது உதவும் என்று 2004இலேயே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். வறண்ட கால் வேறு, பரு வரும் முகம் வேறு. (சின்ன பாட்டில் தேங்காயெண்ணெய்கூட, 'ஹேர் ஆயில்' என்று சொல்லி விற்காதவரை, வரிக்கணக்கில் சமையல் எண்ணெய்தான் என்று உச்ச நீதிமன்றமே 2024 டிசம்பரில் சொல்லிவிட்டது. சேலம் கலால் துறை போட்ட வழக்கு அது.)

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். பாட்டி வைத்தியம் என்று ஒரு வருஷம் ஓட்டுகிறோம். அதற்குள் அந்தப் பெண் போட்டோவுக்கு நிற்க மறுக்கிறாள், கன்னத்தில் குழி விழுகிறது. குழி விழுந்தால் எளிதில் போகாது. இன்னும் சிலர் சீட்டில்லாமல் மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு கலந்த கிரீம் வாங்கிப் பூசுகிறார்கள். அது எண்ணெயைவிட மோசம்.

மந்திர் மார்க்கிலிருந்து ஆட்டோவில் ஏறினால் கொஞ்ச தூரத்தில் ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரி, அங்கே தோல் ஓ.பி. இருக்கிறது. பென்ஸாயில் பெராக்ஸைடு, அடாபலீன் என்று எத்தனையோ வருஷமாகப் புழக்கத்தில் உள்ள மருந்துகளைத்தான் பெரும்பாலும் எழுதித் தருவார்கள். குணம் தெரிய இரண்டு மூன்று மாசம் ஆகும். அதுவரை தினமும் காலையில் "இன்னும் போகலையா?" என்று அந்தப் பிள்ளையிடம் கேட்காமல் இருங்கள், போதும்.