கணக்குப்பிள்ளை எழுதிவைத்த பிரமிடு

பிரமிடு என்று பேச்செடுத்தால் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். ஒன்று சாட்டைக் கட்சி. சுட்டெரிக்கும் மணல், லட்சக்கணக்கான அடிமைகள், முதுகில் விழும் சவுக்கடி, கல்லுக்கடியில் நசுங்கிச் சாகும் கிழவன். 'அடிமைகளின் ரத்தத்தில் எழுந்த அதிசயம்' என்று மேடையில் ஒருமுறை முழங்கினால் கைதட்டல் நிச்சயம். மற்றது பறக்கும் தட்டுக் கட்சி. மனிதனால் ஆகிற காரியமா இது, வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவர்கள் செய்துகொடுத்துவிட்டுப் போனது என்பார்கள். முதல் கட்சிக்கு வயது அதிகம், மரியாதையும் அதிகம். இரண்டாவதற்கு யூடியூபில் செல்வாக்கு.

இரண்டு கட்சிக்காரர்களும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை. கீசாவில் கிடைத்த தடயங்களைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

சாட்டை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்கலாம். பெரும்பாலோர் கைகாட்டுவது கிரேக்கரான ஹெரோடோட்டஸை. ஒரு லட்சம் பேர், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றி, 20 ஆண்டுகள் உழைத்தார்கள் என்று எழுதியவர் அவர்தான். பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னனைக் கொடுங்கோலன் என்றும் சாடியிருக்கிறார். ஆனால் அவர் எகிப்துக்குப் போனது கி.மு. 5ஆம் நூற்றாண்டில். பெரிய பிரமிடு எழுந்ததோ கி.மு. 2560 வாக்கில். நடுவில் 2,000 ஆண்டு இடைவெளி. கட்டியவர்கள் தின்ற முள்ளங்கி, வெங்காயம், பூண்டுக்கு மட்டும் 1,600 தாலந்து வெள்ளி செலவானதாகப் பிரமிடிலேயே பொறித்திருக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் ஒருவர் படித்துக் காட்டியதாகவும் அதே பக்கத்தில் எழுதுகிறார். சுற்றுலா வழிகாட்டிகள் அன்றைக்கும் சுவாரசியமானவர்கள்தான்! அதிருக்கட்டும், ஆள் மாற்றி ஆள் வேலை செய்தார்கள் என்று அவரே சொல்கிறார். மூன்று மாதத்தில் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறவனை அடிமை என்று யார் சொல்வார்கள்?

அடுத்தது பைபிள். யாத்திராகமத்தில் இஸ்ரவேலர் பட்ட பாடு நிஜமாகவே நெஞ்சை உலுக்கும். ஆனால் அங்கே அவர்கள் அறுப்பது வைக்கோல் கலந்த செங்கல், கட்டுவது பண்டசாலைப் பட்டணங்கள். பிரமிடைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. அந்தக் கதைக்கு எந்தக் காலத்தைக் குறித்தாலும், அப்போது கீசா பிரமிடுகள் ஆயிரம் ஆண்டு கடந்த பழங்கட்டடங்கள். 1956இல் வந்த 'டென் கமான்ட்மென்ட்ஸ்' படம் நம் கண்ணில் பதித்துவிட்ட காட்சியைப் பிரமிடுக்கும் சேர்த்து ஒட்டிவைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

1990இல் கீசாவில் ஒரு குதிரை தடுக்கி விழுந்தது. குளம்பு தட்டியது ஒரு மண்செங்கல் சுவரில். தோண்டிப் பார்த்தால் கல்லறை. எகிப்திய ஆய்வாளர் ஸாஹி ஹவாஸ் தலைமையில் தோண்டத் தோண்ட, பிரமிடு வேலையாட்களின் இடுகாடே வெளியே வந்தது. எலும்புகளில் முதுகுத்தண்டு தேய்ந்திருக்கிறது. பாரம் இழுத்த உடம்பு, சந்தேகமே இல்லை. ஆனால் முறிந்த கை எலும்புகள் நேராக வைத்துக் கட்டப்பட்டு ஒழுங்காகக் கூடியிருக்கின்றன. கால் துண்டிக்கப்பட்ட பிறகும் பல ஆண்டுகள் பிழைத்திருந்தவர்கள் உண்டு. வேலைத் தலத்தில் வைத்தியம் நடந்திருக்கிறது. செத்தவர்களை மறுமைக்கான ரொட்டிச் சட்டியும் பீர்க் குடமும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள், மன்னனின் பிரமிடு கண்ணுக்குத் தெரியும் தொலைவில். மேற்பார்வையாளர்களின் கல்லறைகளில் பெயரும் பதவியும் உண்டு. தொலைந்துபோகட்டும் என்று பிணத்தைத் தள்ளிவிட்ட இடம் அல்ல இது.

அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில் வேலையாட்களின் ஊரே கிடைத்தது. 1988 முதல் அமெரிக்க ஆய்வாளர் மார்க் லேனர் குழுவினர் அதைத் தோண்டிவருகிறார்கள். தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இந்த ஊர் பெரும்பாலும் கூஃபுவுக்குப் பின் வந்த காஃப்ரே, மென்கவுரே மன்னர்களின் காலத்தது. 1991இல் அங்கே ஒரு ரொட்டிச் சூளை வெளிப்பட்டது. மணி வடிவில் கனத்த மண் அச்சுகள், அவற்றைச் சூடாக்கிய கனலின் சாம்பல், அச்சுகளை நிறுத்திவைக்க வரிசையாகக் குழிகள். குப்பைமேட்டில் மாடு, செம்மறி, வெள்ளாட்டு எலும்புகள் குவியல் குவியலாக. அந்தக் காலத்து எகிப்தியக் குடியானவன் வீட்டில் மாட்டிறைச்சி தினச் சாப்பாடு இல்லை. இங்கே மந்தை மந்தையாக ஓட்டிவந்து அறுத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, 'அப்படியானால் எல்லாரும் ஆசைப்பட்டு வந்த சுதந்திரத் தொழிலாளிகள்' என்று சிலர் மறுபக்கம் சாய்கிறார்கள். அதுவும் மிகை. ஊர் ஊராக ஆள் பிடித்து, முறைவைத்து, அரசு வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? நம் சோழர் கல்வெட்டுகளில் இதற்கு 'வெட்டி' என்று பெயர். அரசனுக்குச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு. 'வெட்டி வேலை' என்று இன்று நாம் அலுத்துக்கொள்வது அதன் மிச்சம்தான். எகிப்தியன் செய்தது ஏறக்குறைய அந்த வெட்டி. ஒரு வித்தியாசம், வயிற்றுக்குக் குறை வைக்கவில்லை. வெட்டிக்கு வந்தவன் வேறு, சந்தையில் வாங்கிய அடிமை வேறு. இந்த வேறுபாட்டை அழித்தால் இரண்டு பேரின் துன்பமும் நமக்குப் புரியாமல் போகும்.

இனி மெரரிடம் வருகிறேன். எனக்குப் பிடித்த ஆள்.

2013இல் செங்கடல் கரையில், வாதி அல்-ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில், பியேர் தலே என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு பாப்பிரஸ் துணுக்குகளைக் கண்டெடுத்தது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றிலேயே பழையவை. எழுதியவர் வேதாந்தியும் இல்லை, புரோகிதரும் இல்லை. சுமார் 40 பேர் கொண்ட ஒரு படகுக் குழுவின் மேஸ்திரி, பெயர் மெரர். காலம், கூஃபு ஆட்சியின் கடைசி ஆண்டுகள். நாள்வாரியாகக் குறிப்பு. இன்று தூரா சுரங்கத்தில் கல் ஏற்றினோம், இரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் கல்லோடு புறப்பட்டோம், வழியில் ஏரித்துறையில் தங்கினோம். அதற்கு மறுநாள் 'கூஃபுவின் அடிவானம்' போய்ச் சேர்ந்தோம். காலையில் வெறும் படகோடு திரும்பினோம். பத்து நாளைக்கு இரண்டு மூன்று நடை. 'கூஃபுவின் அடிவானம்' என்பது பெரிய பிரமிடின் அன்றைய பெயர். தூரா என்பது நைலின் எதிர்க்கரையில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் வெட்டிய இடம். பிரமிடின் மேல்பூச்சுக் கற்கள் அங்கிருந்துதான் வந்தன. குழு எந்த அதிகாரியின் கீழ் இருந்தது என்றும் எழுதியிருக்கிறார்: அங்காஃப், மன்னனின் மாற்றாந்தாய்ச் சகோதரர்.

கூடக் கிடைத்த ஏடுகள் வரவுசெலவுக் கணக்கு. கட்டம் போட்டு, சிவப்பு மையும் கறுப்பு மையும் மாற்றி மாற்றி, வரவேண்டியது இவ்வளவு, வந்தது இவ்வளவு, பாக்கி இவ்வளவு. நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய பேரேடு! மளிகைக் கடைக்காரரிடம் காட்டினால் மொழி புரியாவிட்டாலும் பத்தி புரிந்துவிடும். சாட்டைக்கு எதற்குப் பாக்கிக் கணக்கு? பறக்கும் தட்டுக்கு எதற்கு ரொட்டி?

தட்டுக் கட்சிக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். என் மச்சான் கால்குலேட்டரோடு வருவார். "மச்சான், 23 லட்சம் கல்லு, 20 வருஷம். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு கல்லு. மனுஷனால ஆகுமா, சொல்லுங்க?" கணக்கு சரி. நாளைக்குப் பத்து மணி நேரம் வைத்தால் அப்படித்தான் வரும். ஆனால் அது ஒரே ஒரு கல், ஒரே ஒரு வரிசை என்று நினைக்கிற கணக்கு. ஒரு கல்யாணப் பந்தியில் ஆயிரம் இலை போடுவதை ஒருவரே செய்கிறாரா? அடித்தளம் ஒரு பக்கம் 230 மீட்டர். பல குழுக்கள் பல பக்கத்தில் ஒரே நேரத்தில் இழுக்கலாம். அதோடு பிரமிடு கூம்பிக்கொண்டே போகிற வடிவம். உயரத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள்ளேயே மொத்தக் கனஅளவில் 70 சதவீதம் அடங்கிவிடும். உச்சிக்குத் தூக்க வேண்டியது கொஞ்சம்தான். பெரும்பாலான கற்களை வெட்டியதும் பிரமிடுக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில். மச்சான் அன்றைக்குக் கால்குலேட்டரை மூடிவைத்துவிட்டு கிரானைட்டுக்குத் தாவினார். அஸ்வானிலிருந்து வந்த, பல பத்து டன் எடையுள்ள உத்தரங்கள் உண்மையிலேயே மலைக்க வைப்பவை. அவை வந்தது நைல் வழியாக, மெரர் போன்றவர்களின் படகில்.

எப்படி இழுத்தார்கள் என்பதையும் அவர்களே வரைந்துவைத்திருக்கிறார்கள். ஜெஹூதிஹோத்தெப் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் ராட்சதச் சிலை ஒன்றைச் சறுக்குவண்டியில் வைத்து வரிசை வரிசையாக ஆட்கள் இழுக்கிறார்கள். ஒருவன் முன்னால் நின்று மணலில் தண்ணீர் ஊற்றுகிறான். ஓவியம் பிரமிடுக்கு 700 ஆண்டு பிந்தியதுதான். தண்ணீர் ஊற்றுவது ஏதோ சடங்கு என்று வெகுநாள் நினைத்தார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சோதித்தபோது, அளவான ஈரம் இருந்தால் இழுக்கும் விசை பாதியாகக் குறைவது தெரிந்தது.

'திடீரென்று முளைத்த அறிவு' என்பதும் நிற்காது. முதலில் சக்காராவில் படிக்கட்டுப் பிரமிடு. பிறகு கூஃபுவின் தந்தை ஸ்னெஃபெரு காலத்தில் மைதூம். வெளிப்புறம் சரிந்து இன்று மொட்டைக் கோபுரமாக நிற்கிறது. பிறகு தஹ்ஷூரில் ஒன்று. 54 பாகைச் சரிவில் தொடங்கி, பாதியில் 43 பாகைக்கு மடித்துவிட்டார்கள். அதைப் பார்த்தாலே கட்டியவர்களின் கவலை தெரியும். அடுத்ததை முதலிலிருந்தே 43இல் கட்டினார்கள். வானத்திலிருந்து வந்தவர்களுக்கு எதற்கு இத்தனை திருத்தம்?

கடைசியாக ஒரு சுவர். 1837இல் ஹோவர்ட் வைஸ் என்ற ஆங்கிலேயர் பெரிய பிரமிடுக்குள் மன்னன் அறைக்கு மேலே வெடிமருந்து வைத்துத் தகர்த்துப் போனார் (முரட்டு வேலை, இன்று செய்தால் ஜெயில்). பாரம் தாங்குவதற்காக விட்ட இருண்ட பொந்துகள் அவை. யாரும் பார்க்கவே கூடாத இடம். அங்கே சிவப்புக் காவியில் குழுப் பெயர்கள்: 'கூஃபுவின் தோழர்கள்' என்பது போல. சில பக்கவாட்டில் கிடக்கின்றன, சில தலைகீழாக. இரண்டு கல் சேர்கிற இடுக்குக்குள்ளும் எழுத்து ஓடி மறைகிறது. தூரிகை நுழையாத இடுக்கு. கல் தரையில் கிடந்தபோதே எழுதியது. மென்கவுரேயின் பிரமிடு வளாகத்தில் இன்னொரு குழு தன் பெயரை விட்டுப் போயிருக்கிறது: 'மென்கவுரேயின் குடிகாரர்கள்'.