வேண்டாம் என்று சொல்ல ஒரு பொத்தான்

இந்த வாரம் முழுக்க எனக்குக் கோபம். பல வருடங்களாகப் பிரீமியம் கட்டிவரும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் செயலி, திடீரென்று என் முகத்தைக் கேட்டது. ரகசிய எண்ணைப் போட்டேன், ஓடிபியும் வந்தது. அதற்கு மேல் நகரவிடாமல் திரையில் ஒரு வட்டம். முகத்தை வட்டத்துக்குள் வையுங்கள், கண்ணைச் சிமிட்டுங்கள் என்றது. கீழே ‘தொடர்க’ என்று ஒரே ஒரு பொத்தான். ‘பிறகு பார்க்கலாம்’ இல்லை, ‘வேண்டாம்’ இல்லை.

வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டேன்.

“எல்லாருக்கும் வந்திருக்கு சார். உங்க பாதுகாப்புக்குத்தான்.”

“என் முகத்தை எங்கம்மா வெச்சிருப்பீங்க?”

“சிஸ்டத்துல சார்.”

“எத்தனை நாளைக்கு?”

“ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்” என்றவர் திரும்பி வரவில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தரவேண்டிய விஷயம் என்று அந்த நிறுவனத்தில் யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் என் ஆத்திரம். விண்ணப்பங்களில் நட்சத்திரக் குறி போட்ட ‘கட்டாயம்’ கட்டங்களைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் “மறுபடியுமா?” என்று கடிதம் போடும் வாசகர்களுக்கு: ஆமாம், மறுபடியும்தான்.

முகத்தைக் காட்டித் திறப்பது என்றாலே ஆபத்து என்று நான் நினைக்கவில்லை. ஆப்பிள் நிறுவனம் 2017இல் ஐபோன் எக்ஸில் கொண்டுவந்த ஃபேஸ் ஐடி நல்ல வேலைப்பாடு. கண்ணுக்குத் தெரியாத 30,000க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தின் மீது பாய்ச்சி மேடுபள்ளத்தை அளக்கிறது. அளந்த கணக்கு அந்த போனுக்குள்ளேயே தனியாகப் பூட்டிய ஒரு பகுதியில் இருக்கும், ஆப்பிளுக்குக்கூடப் போகாது. முன்பின் தெரியாத ஒருவரின் முகத்துக்குத் திறந்துவிடும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்கிறார்கள். இரட்டையர்களுக்கும் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஐந்து முறை முகம் பொருந்தாவிட்டால் பழைய எண் பூட்டு வந்து நிற்கும். பழைய வழியை அவர்கள் அடைக்கவில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

எல்லா போன்களும் அப்படி இல்லை. நெதர்லாந்தின் நுகர்வோர் சங்கம் 2019இல் 110 போன்களைச் சோதித்தபோது, 42 போன்கள் உரிமையாளரின் புகைப்படத்தைக் காட்டியதுமே திறந்துகொண்டன. அதே ஆண்டு கூகுள் வெளியிட்ட பிக்சல் 4, உரிமையாளர் கண்ணை மூடியிருந்தாலும் திறந்தது. தூங்குகிறவரின் முகத்துக்கு நேராக போனை நீட்டினால் போதும் என்ற நிலை. பிறகுதான் திருத்தினார்கள்.

வாசகர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. ஒரு வங்கிச் செயலி உங்கள் போனின் முகப்பூட்டைப் பயன்படுத்திக்கொண்டால், ‘பொருந்தியது’ அல்லது ‘பொருந்தவில்லை’ என்ற பதில் மட்டும்தான் வங்கிக்குப் போகும். முகம் உங்களிடமே இருக்கும். செயலி தானே கேமராவைத் திறந்து, வட்டம் போட்டு, கண்ணைச் சிமிட்டச் சொன்னால், பெரும்பாலும் உங்கள் முகம் வேறு யாருடைய சர்வருக்கோ புறப்பட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த சர்வர்களின் லட்சணத்துக்கு ஓர் உதாரணம்: தென்கொரியாவின் சுப்ரீமா நிறுவனம் அலுவலகக் கதவுகளுக்காக நடத்திய பயோஸ்டார் 2 என்ற அமைப்பு. பத்து லட்சம் பேருக்கும் மேற்பட்டவர்களின் கைரேகைகளும், கூடவே முகப் பதிவுகளும் யாரும் எடுக்கலாம் என்ற நிலையில் கிடந்ததை ஆய்வாளர்கள் 2019 ஆகஸ்டில் கண்டுபிடித்தார்கள். பாஸ்வேர்டு வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம். அந்த ஊழியர்கள் விரலை எங்கே போய் மாற்றுவார்கள்?

அந்தக் காப்பீட்டு நிறுவனத்தை இன்னும் நாலு பத்தி திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் “சிஸ்டத்துல சார்” என்ற பதில் என்னை விடவில்லை. உடம்பின் ஓர் அடையாளத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் ‘சிஸ்டம்’ நம் மண்ணுக்குப் புதிதில்லை. அது முழுதாக வளர்ந்ததே இங்கேதான்.

1858, வங்காளத்தில் ஜங்கிப்பூர். வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்பவரிடம் சாலைபோடும் சரளைக்கு ஒப்பந்தம் எழுதுகிறார். எழுதி முடித்ததும் கோனாயின் உள்ளங்கையில் மை தடவி, ஒப்பந்தத்தின் பின்புறம் முழுக் கையையும் பதியவைக்கிறார். கையெழுத்தே என்னுடையதில்லை என்று பின்னால் மறுக்கும் எண்ணம் வராதபடி அவரைப் பயமுறுத்துவதுதான் நோக்கம் என்று ஹெர்ஷலே பிற்காலத்தில் எழுதிவைத்தார். அறிவியல் எல்லாம் அப்புறம் வந்தது. 1877இல் ஹூக்ளியில் பென்ஷன்தாரர்களின் விரல்ரேகையை எடுக்க ஆரம்பித்தார், இறந்தவர் பெயரில் வேறொருவர் பணம் வாங்கிவிடக் கூடாது என்று. இன்று நம் பெரியவர்கள் நவம்பர் மாதத்தில் போனுக்கு முகம் காட்டி வாழ்நாள் சான்று கொடுப்பது நேராக அந்த வழியில் வந்ததுதான். உழைத்து ரேகை தேய்ந்த விரல்களுக்கு அது உண்மையிலேயே உதவுகிறது. அதை மறுக்க மாட்டேன்.

1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. லட்சக்கணக்கான ரேகைகளிலிருந்து ஒன்றைத் தேடி எடுக்கும் முறையை வகுத்ததில் அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பு பெரிது. உலகம் அதை மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரால் அழைக்கிறது. அந்த அநியாயத்தைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும்.

தேடும் வசதி வந்துவிட்டால் தேடப்படுவதற்கு ஆள் வேண்டுமே. வடக்கே 1871 முதல் இருந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியை வைத்தே ஒருவனைக் குற்றவாளி என்று எழுதிக்கொள்ளும் சட்டம். பட்டியலில் வந்த ஆண்கள் ரேகை பதிக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ சொன்ன இடத்திலோ வந்து படுக்க வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் இதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். படுப்பதும் சீட்டு வாங்குவதும் ரேகை பதிந்த பிறகு வருபவை. கட்டைவிரலில் மை பட்டால் கதை முடிந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர். பிரமலைக் கள்ளர்கள் ரேகை கொடுக்க முடியாது என்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் வந்து சுட்டது. பதினாறு பேர் செத்தார்கள், அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஓடியவர் என்று ஊர் இன்றும் சொல்கிறது. மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அந்த மக்களுக்காக விடாமல் வாதாடினார், அவர்களும் ரோசாப்பூ துரை என்று அவரைக் கொண்டாடினார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆயிற்று. ஜாலியன்வாலாபாக் பற்றிப் பாடம் எழுதினோம், அதற்கு அடுத்த வருடம் நம் ஊரில் நடந்ததை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம்?

என் காப்பீட்டுச் செயலியும் அந்தச் சட்டமும் ஒன்று என்று சொன்னால் செத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. என்னை யாரும் சுடப் போவதில்லை. செயலியை நீக்கிவிட்டு, கிளை அலுவலகத்துக்குப் போய்ப் பணம் கட்டுவேன். எனக்கு வேறு வழி இருக்கிறது. இல்லாதவர்களைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அங்கன்வாடிகளில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துணவுக்கு 2025 ஜூலை 1 முதல் முகப் பதிவைக் கட்டாயமாக்கியது மத்திய அரசு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மாதந்தோறும் கேமராவுக்கு முகம் காட்டினால்தான் கணக்கில் ஏறும். எங்கள் பக்கத்து அங்கன்வாடி வாசலில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். மூன்று மாதக் குழந்தை தோளில். டீச்சர் போனை நீட்டி, “இங்க நிழல் அடிக்குது, வெளிச்சத்துக்கு வாம்மா. கண்ணைச் சிமிட்டு. இன்னொரு தடவை” என்கிறார். ஆதாரில் இருப்பது பள்ளிக்கூடத்துப் பெண்ணின் முகம், எதிரே நிற்பது இரவெல்லாம் தூங்காத தாய். குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, பொட்டை எடுத்துவிட்டு, மறுபடி நின்றார். பொருந்தவில்லை. “சர்வர் பிஸியா இருக்கும், சாயங்காலம் வா” என்றார் டீச்சர், குரலில் வெட்கத்தோடு. சத்துமாவு பாக்கெட்டுகள் அவருக்குப் பின்னால் அடுக்கித்தான் இருந்தன. அந்தப் பெண்ணுக்குத் திருமணமான நாளிலிருந்தே அவரை டீச்சருக்குத் தெரியும்.

2023இல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் சம்மதம் சுதந்திரமாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது. எனக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் நடுவில் நிற்க வேண்டிய வரி அது. அரசு தரும் மானியம், உதவி என்று வரும்போது சம்மதம் தேவையில்லாமலேயே தரவைக் கையாளலாம் என்று அதே சட்டம் வழி விடுகிறது. பாதுகாப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவரிடம் சம்மதமே கேட்க வேண்டாம் என்று எழுதிவைத்திருக்கிறோம்.

முகம் பொருந்தாத மாதத்தில் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாவைக் கொடுத்தனுப்பும் அதிகாரம் அந்த டீச்சருக்கு வேண்டும். அப்படி ஒரு விதி ஏற்கெனவே இருந்தால், ஒவ்வொரு அங்கன்வாடி வாசலிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். இதைக் கேட்டு மாவட்டத் திட்ட அலுவலருக்குக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் தெரு அங்கன்வாடியில் என்ன நடக்கிறது என்று பார்த்து நீங்களும் எழுதுங்கள். பதில் வந்தால் இந்தப் பக்கத்தில் அப்படியே போடுகிறேன்.