நானும் என் வேலும்

வணிகர்கள் எழுதிய கடிதங்களில் உலகம் அதிகம் கேட்டது ஒன்று உண்டு. கப்பல்கள் மூழ்கி, வாங்கிய கடனுக்கு உயிரைக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்ட அந்தோனியோ, தன் நண்பன் பசானியோவுக்கு எழுதும் கடிதம் அது. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தில் மூன்றாம் அங்கத்தில் அதை வாசிக்கிறார்கள். நமக்குள் இருந்த கடனெல்லாம் தீர்ந்தது, சாகுமுன் உன் முகத்தைப் பார்த்தால் போதும் என்கிறான். ரசிகர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் இடம். ஆங்கில வாத்தியார் சிவப்புப் பேனாவைத் திறக்கும் இடமும் அதுதான். ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்று எழுதியிருக்கிறான் மனிதன். அங்கே ‘மீ’ வந்திருக்க வேண்டும்.

அந்த வெனிஸுக்குப் பணத்தைக் கொட்டிய சரக்குகளில் மலபார் மிளகு முக்கியமானது. வாஸ்கோ ட காமா வந்து, போர்ச்சுகீசியர் கொச்சியில் பண்டகசாலை போட்ட பிறகு வெனிஸின் மிளகு ஏகபோகம் ஆட்டம் கண்டது. மிளகு மணக்கும் மட்டாஞ்சேரி காயலின் ஒரு கரையில் இருக்கிறது. எர்ணாகுளத்து பிராட்வே எதிர்க்கரையில். துணி, பாத்திரம், பட்டாசு, கல்யாணப் பத்திரிகை, வளையல் என்று எது வேண்டுமென்றாலும் மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும் அந்தக் குறுகலான தெருவில்தான் அந்தோனியோவின் பிழையை அச்சு அசலாக நான் பார்த்தேன்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர் அங்கே பனியன் கடை வைத்திருக்கிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போவதால் கடை மூடியிருக்கும், அவசர ஆர்டருக்கு என் மகளையோ என்னையோ கூப்பிடலாம் என்று வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் அனுப்ப எழுதிவைத்திருந்தார். ‘மை டாட்டர் ஆர் ஐ’ என்று முடிந்தது. கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “‘மீ’ மதி அப்பா” என்றாள், ‘மீ’ போதும் என்ற பொருளில்.

“‘மீ’ன்னா சின்னப் புள்ளைய பேசுத மாதிரில்லா இருக்கு. ‘ஐ’ன்னாதான் ஒரு மரியாதை.”

சண்டை வேண்டாம் என்று நினைத்த கடைப்பையன் நடுவில் புகுந்து, “‘மைசெல்ஃப்’னு போட்ருவோம் அண்ணாச்சி” என்றான். மூன்று பேரும் அதில் சமாதானமானார்கள். ஆங்கில இலக்கணப்படி அதுவும் உருப்படியில்லை. ஆனால் இந்தியாவின் அலுவலக மின்னஞ்சல்களில் பாதிப் பிரச்சினைகளை இப்படித்தான் தீர்த்துக்கொள்கிறார்கள்.

அண்ணாச்சி சொன்னதில் இருக்கிறது விஷயம். இது அறியாமையால் வரும் பிழை இல்லை, மரியாதைக்குப் பயந்து வருவது. தானாக ஆங்கிலம் பேசப் பழகும் குழந்தை ‘மீ அண்ட் ராஜு வென்ட்’ என்றுதான் சொல்லும். உடனே பெரியவர்கள் ‘ராஜு அண்ட் ஐ’ என்று திருத்துவார்கள். ‘மீ’ கீழான சொல், ‘ஐ’ மேலான சொல் என்று அந்தக் குழந்தை முடிவுகட்டிவிடுகிறது. வளர்ந்து கோட்டும் சூட்டும் போட்ட பிறகு, ‘மீ’ வரவேண்டிய இடத்திலும் கூச்சப்பட்டு ‘ஐ’ போடுகிறது. இன்று திருத்தப்படாதவனுக்கு இந்தப் பிழை பெரும்பாலும் வருவதில்லை. அதிகம் திருத்தப்பட்டவனுக்குத்தான் அதிகம் வரும்.

பிரம்பை முதலில் எடுத்தவர்கள் அந்தோனியோவுக்குப் பின் வந்த பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர்கள். பின்னாளில் லண்டன் பிஷப் ஆன ராபர்ட் லௌத் 1762இல் ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். 1795இல் லிண்ட்லி மர்ரே யார்க் நகரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றுக்காக எழுதியது அதைவிடப் பல மடங்கு விற்றது. நமக்கு 1930களில் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் வந்து சேர்ந்தது. வேற்றுமையோடு ஒரு நாகரிகத்தையும் அந்தப் புத்தகம் கற்றுக்கொடுத்தது. முன்னிலை முதலில், படர்க்கை அடுத்து, தன்மை கடைசியில் வருவதே நல்ல பழக்கம் என்றது. போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களில் இதற்கு இன்று ‘231’ என்று பெயர். தப்பை ஒப்புக்கொள்ளும் வாக்கியமென்றால் ‘123’ ஆகிவிடும். அதாவது பெருமையில் கடைசியாக நில், பழியில் முதலாக நில். நெறி உயர்ந்ததுதான். ஆனால் நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்கும் பையனிடம் அது வெறும் எண்ணாகப் போய்ச் சேருகிறது.

அரண்மனை வழக்கமும் சேர்ந்துகொண்டது. எலிசபெத் ராணியார் தன் உரைகளில் ‘மை ஹஸ்பண்ட் அண்ட் ஐ’ என்று சொல்லிச் சொல்லி, அது அவரையே கேலி செய்யும் தொடராகிவிட்டது. 1972இல் திருமண வெள்ளிவிழா உரையில், இன்றைக்காவது அப்படி ஆரம்பிக்க எனக்கு உரிமை உண்டு என்ற பொருளில் அவரே அதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். ராணியார் சொன்னது எழுவாய், அதனால் பிழையில்லை. கேட்டுப் பழகியவர்கள்தான் அதை ஒட்டுமொத்தமாக அரச தோரணை என்று எடுத்துக்கொண்டார்கள்.

1992 தேர்தல் பிரசாரத்தில் பில் கிளின்டன், அல் கோருக்கும் தனக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டபோது ‘ஐ’ என்றார். இலக்கணக் காவலர்கள் துள்ளிக் குதித்தார்கள். மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் 1994இல் வந்த தன் புத்தகத்தில் கிளின்டன் பக்கம் நின்று வாதாடினார். இரண்டு ஒருமைகள் ‘அண்ட்’டால் சேர்ந்தால் முழுத் தொடர் பன்மை ஆகிறது, உள்ளே இருக்கும் எந்தச் சொல்லும் பன்மை ஆவதில்லை. அதுபோலவே முழுத் தொடர் ஒரு வேற்றுமையை ஏற்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு சொல்லும் அதை ஏற்றாக வேண்டும் என்று என்ன கட்டாயம்? ஆங்கிலத்துக்கு இது நல்ல வாதம். ஏனென்றால் ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் எழுவாய், செயப்படுபொருள் என்று உருமாறுவதை எப்போதோ விட்டுவிட்டன. பழைய வேட்டியின் கரைபோல ‘ஐ-மீ’, ‘ஹீ-ஹிம்’ என்று சில பிரதிப்பெயர்களில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடைமுறையில் தேர்வெழுதுகிறவர்களுக்கு ஒரே வழி, கூட இருப்பவரை எடுத்துவிட்டுச் சொல்லிப் பார்ப்பது. மகளை எடுத்துவிட்டால் ‘கான்டாக்ட் ஐ’ என்று அண்ணாச்சியே எழுதமாட்டார்.

தமிழில் இந்தத் தொல்லை ஏன் இல்லை? நம்முடைய ‘உம்’ ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தொட்டுச் செல்கிறது. எனக்கும் உனக்கும், என்னையும் உன்னையும், என்னோடும் உன்னோடும் என்று வேற்றுமை உருபு ஆளுக்கொன்றாக முன்கூட்டியே ஏறிவிடுகிறது. ‘எனக்கும் நீயும்’ என்று தூக்கத்தில்கூட யாருக்கும் வாய் வராது. முறை பற்றிய கவலையும் கிடையாது. ‘நானும் அப்பாவும் போனோம்’ என்றால் அப்பாவை மதிக்காதவன் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். குறுந்தொகையின் 40ஆம் பாட்டில் தலைவன் தன்னை முதலில் வைத்து, அவளை அடுத்து வைக்கிறான். அதற்காக அவன் காதலைச் சந்தேகப்பட்ட உரையாசிரியர் இல்லை.

தமிழ் இலக்கணக்காரர்களுக்கு வந்த சிக்கலே வேறு. ஒருவன் தன்னோடு ஓர் அஃறிணைப் பொருளைச் சேர்த்து எண்ணினால் வினை எப்படி முடியும்? தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இதற்கென்றே ஒரு நூற்பா வைத்திருக்கிறார். தன்மைச் சொல்லும் அஃறிணைச் சொல்லும் எண்ணும் இடத்தில் கலந்து வரலாம் என்கிறது அது. உரைகாரர்கள் காட்டும் உதாரணம் அழகானது. போருக்குப் போகும் வீரன் ஒருவன், நானும் என் வேலும் இதற்குப் போதுவோம் என்கிறான். திணை விதிப்படி பார்த்தால் இரும்புக்கு ‘ஓம்’ ஏது? ஆனால் அவன் கையில் இருக்கும்போது அதுவும் தன்மைப் பன்மைக்குள் வந்துவிடுகிறது. பிராட்வேயில் காலை எட்டு மணிக்குத் தள்ளுவண்டியோடு நுழையும் சுமட்டுத் தொழிலாளி ‘நானும் வண்டியும் வந்துட்டோம்’ என்றால் அது வேடிக்கைப் பேச்சு இல்லை, தொல்காப்பியர் ஒப்புதல் கொடுத்த தமிழ்.

இதற்கு அடுத்த படிதான் தமிழின் நுட்பம். ‘நானும் மற்றவரும்’ சேர்ந்து பன்மை ஆனபின், கேட்பவர் அதற்குள் இருக்கிறாரா என்று தமிழ் விசாரிக்கிறது. இருந்தால் நாம். இல்லாவிட்டால் நாங்கள். நன்னூல் இதை வினை விகுதியிலேயே பிரித்தது. அம், ஆம் என்பவை முன்னிலையாரைச் சேர்த்துக்கொள்ளும். எம், ஏம், ஓம் என்பவை படர்க்கையாரைச் சேர்க்கும். இன்று வினையில் அந்த வேறுபாடு அழிந்து, எல்லாவற்றுக்கும் ‘ஓம்’ ஒன்றே மிச்சம். பாரம் முழுவதும் ‘நாம், நாங்கள்’ என்ற இரண்டு சொற்களின் தலையில் இறங்கியிருக்கிறது. மலையாளத்தில் வினைக்கு இட விகுதியே இல்லை. ஞானும் வந்நு, நீயும் வந்நு, அவளும் வந்நு. ஆனாலும் ‘ஞங்கள்’ வேறு, ‘நம்மள்’ வேறு என்பதை அவர்கள் விடாமல் காப்பாற்றுகிறார்கள். எடுத்துப்போட்ட சேலை பிடிக்காமல் முகம் சுளித்தால் பிராட்வே கடைக்காரர் ‘நமுக்கு வேறே நோக்காம்’ என்பார், நாம் வேறு பார்க்கலாம் என்று. வாங்கப்போவது நாம், காசு கொடுக்கப்போவதும் நாம். ஆனால் தேடலில் அவரும் ஒரு பங்காளி ஆகிவிடுகிறார். வியாபாரத் தந்திரம் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தத் தந்திரத்துக்கு ஆங்கிலத்தின் ‘வி’ போதாது.

‘ஞங்கள்’, ‘நம்மள்’ என்ற இந்த இரண்டு சொற்களின் எடை கொச்சிக்குப் புதிதல்ல. வெனிஸ் தன் யூதர்களை 1516இல் வாசல் பூட்டிய தனிக் குடியிருப்புக்குள் அடைத்தது. மட்டாஞ்சேரியில் 1568இல் யூத ஆலயம் எழுந்ததோ அரண்மனையை ஒட்டியே. பிராட்வேக்குப் பக்கத்தில் ஓடும் ஷண்முகம் சாலை, 1935 முதல் 1941 வரை கொச்சி திவானாக இருந்த கோவைத் தமிழர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரின் பெயரைச் சுமக்கிறது. பிறகு சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனவர் அவர். வெளியூரிலிருந்து வந்த ஒருவரின் பெயரை ஓர் ஊர் தன் காயல்கரைச் சாலைக்கு வைக்கிறது என்றால், ‘ஞங்கள்’ என்பதிலிருந்து ‘நம்மள்’ என்பதற்குக் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

நம்மூரிலோ நகர்வு தாறுமாறாக இருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த விளம்பரங்களிலும் செயலிகளிலும் ‘வி’ வந்த இடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் போடுகிறார்கள். ‘நாம் உங்கள் தகவலைப் பாதுகாக்கிறோம்’ என்கிறது ஒரு செயலி. என் தகவலை நானுமா சேர்ந்து பாதுகாக்கிறேன்? ‘நாங்கள் தமிழர்கள்’ என்று தமிழர் கூட்டத்தைப் பார்த்தே முழங்குகிறார் ஒரு பேச்சாளர்; அப்படியானால் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? அலுவலகத்தில் இது இன்னும் சாமர்த்தியமாக நடக்கும். ‘இன்னிக்கு நாம லேட்டா இருந்து முடிச்சிடலாம்’ என்று சொல்லிவிட்டு மேலாளர் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். வேலை என்றால் நாம், சம்பள உயர்வு என்றால் நாங்கள் பார்த்துச் சொல்கிறோம். இப்படிப் பேசுகிறவர்கள் இலக்கணம் தெரியாதவர்கள் என்று சொல்லமாட்டேன். நன்றாகத் தெரிந்தவர்கள்.

ஆங்கிலத்தில் ‘ஐ’யையும் ‘மீ’யையும் மாற்றிப் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த வாட்ஸ்அப் செய்தியைப் படித்த எவரும் ஆர்டரை ரத்து செய்திருக்கமாட்டார்கள். தேர்வில் அரை மதிப்பெண் போகும், அவ்வளவுதான். தமிழில் ‘நாம்’ என்பதையும் ‘நாங்கள்’ என்பதையும் மாற்றிப் போட்டால் எதிரே நிற்கும் ஆள் வாசலுக்கு வெளியே போய்விடுவார், அல்லது தான் ஒப்புக்கொள்ளாத ஒன்றுக்குள் இழுத்துப் போடப்படுவார். ‘ஐ-மீ’ பிழைக்குப் பயந்து பயிற்சி மையத்தில் பணம் கட்டுகிறோம். ‘நாம்-நாங்கள்’ வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்கத் தமிழ் வகுப்பில் ஒரு பாடவேளை ஒதுக்கினால் போதும். வாத்தியார் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுதான்: “நீ சொன்ன அந்த ‘நாம்’ல நான் இருக்கேனாடா?”