டயர் எங்கும் ஓடிப்போகாது



ஆண்டுதோறும் ஆகஸ்டு 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறுகிறது. செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழா. அந்நாள்களில் சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து நம் குடும்பங்கள் பல முசிறி, திருச்சி, தஞ்சை வழியாகக் கடற்கரை நோக்கிப் புறப்படுகின்றன. முன்னாளில் பேருந்தையும் இரயிலையும் நம்பிச் சென்றவர்கள் பலர் இன்று சொந்தக் காரிலோ, அண்டை வீட்டாருடன் சேர்ந்து அமர்த்திய வேனிலோ செல்கிறார்கள். கட்டுச்சோறு, பாய், தலையணை, குழந்தைக்குப் பால்பொடி என யாவற்றையும் நினைவாக எடுத்து வைக்கிறோம். ஆனால் நம்மைச் சுமந்து செல்லும் நான்கு சக்கரங்களையும் ஒருமுறை குனிந்து பார்க்கிறோமா?

நாமும் பார்க்காதவர்களே. சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு திருச்சியிலிருந்து இரவில் திரும்பிக்கொண்டிருந்தோம். நாமக்கல்லைத் தாண்டிப் புதுச்சத்திரத்தை நெருங்கும்போது பின்பக்கத்து வலது டயர் காற்றிழந்தது. வண்டியைச் சாலையின் ஓரமாக, ஆனால் பாதி சாலையிலேயே நிறுத்தினோம். குழந்தைகள் வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருக்க, நாம் கைபேசியின் வெளிச்சத்தில் ஜாக்கியைத் தேடினோம். நம்மைக் கடந்து சென்ற லாரி ஒன்று சற்றுத் தொலைவில் சாலையை விட்டு இறங்கி நின்றது. அதன் ஓட்டுநர் ஓடிவந்தார். "ஏனுங்க, மொதல்ல கொழந்தைங்களை எறக்கி அந்த வேலிக்கு அந்தப்பக்கம் கூட்டிட்டுப் போங்க. டயரு எங்கயும் ஓடிப்போகாதுங்க" என்றார். அடுத்து அவர் கேட்டது: "பின்னாடி லைட்டே எரியலையே, தெரியுங்களா?"

தெரியாது. ஆனால் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு நாள்களாகவே வேகம் காட்டும் முள்ளருகே உள்ள விளக்கு எரியவில்லை. "ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டிருந்தோம். பல கார்களில் அந்தச் சிறு விளக்கிற்கும் பின்விளக்குகளுக்கும் பியூஸ் ஒன்றே. சில ரூபாய் விலையுள்ள ஒரு பியூஸ் போனதால், இருட்டில் பின்விளக்கு இல்லாத ஒரு கறுப்புப் பெட்டிக்குள் நம் குழந்தைகளைக் கிடத்தி வைத்திருந்தோம்.

அன்று நமக்கு ஒன்றும் நேரவில்லை. எல்லாருக்கும் அவ்வாறு வாய்ப்பதில்லை. 2023 செப்டம்பர் 6-ஆம் நாள் விடியுமுன், சங்ககிரிக்கு அருகே சின்னாக்கவுண்டனூரில், சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்புறம் ஒரு வேன் மோதியது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆறு பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு வயதுக் குழந்தையும் ஒன்று. 2020 டிசம்பர் 12-ஆம் நாள் தொப்பூர்க் கணவாயில், ஏற்கெனவே நின்றிருந்த வாகன வரிசையின்மீது சரிவில் இறங்கிவந்த லாரி மோதிப் பல கார்களை நொறுக்கியது, உயிர்களும் போயின. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியை விட நிற்கும் வண்டியே அஞ்சத் தக்கது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்கு உணர்த்துகின்றன.

இதற்குக் காரணம் எளிய கணக்கு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. முன்னால் நிற்பதைக் கண்டு, ஓட்டுநர் பிரேக்கில் கால் வைப்பதற்கு ஒன்றரை நொடி ஆகிறது என்று கொள்வோம். அதற்குள் 33 மீட்டர் போய்விடும். பாரம் ஏற்றிய லாரி அதன் பிறகும் வெகு தூரம் ஓடித்தான் நிற்கும். நம் காருக்குப் பத்து மீட்டர் பின்னால் எச்சரிக்கைப் பொருளை வைத்தால் அது அவருக்குப் பயன்படுமா?

வழியில் வண்டி நின்றால்

ஓடும்போது டயர் வெடித்தால், அல்லது திடீரெனக் காற்றிறங்கினால், பிரேக்கை ஓங்கி மிதிக்கலாகாது. ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் நேராகப் பற்றி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தாலே வண்டி வேகம் தணியும். பிறகு இடப்புறம் ஒதுங்கி, சாலையை விட்டு முற்றிலும் இறங்கத் தக்க இடம் வரும்வரை மெதுவாக உருட்டிச் செல்ல வேண்டும். வளைவிலும் பாலத்தின் மேலும் தொப்பூர் போன்ற சரிவிலும் நிற்கவே கூடாது. அவ்வாறு உருட்டினால் டயர் பாழாகும், ரிம்மும் வளையலாம் என்பது மெய்யே. டயரையும் ரிம்மையும் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

நின்றவுடன், சிவப்பு முக்கோணம் பொறித்த பொத்தானை அழுத்தி நான்கு இண்டிகேட்டர்களையும் ஒருசேர மின்ன விட வேண்டும். பிறகு அனைவரும் இடப்பக்கக் கதவுகள் வழியாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் சென்றுவிட வேண்டும். வண்டிக்கு முன்னால் நிற்கலாகாது. பின்னிருந்து மோதினால் அது முன்னோக்கியே பாயும். வண்டிக்குப் பின்னால் நின்று விளக்குகளை மறைப்பதும் தவறு. ஒளியை எதிரொளிக்கும் முக்கோணப் பலகையை, எதிரே வரும் வண்டிகளுக்குத் தெரியும்படி முன்னே பிடித்தவாறு சாலையின் விளிம்பிலேயே நடந்துசென்று, 100 மீட்டர் பின்னால் வைக்க வேண்டும். நம் நடையில் அது ஏறத்தாழ 130 எட்டு.

பழுதான சக்கரம் வலப்புறமாக, வண்டிகள் விரையும் பக்கத்தில் இருக்கிறதா? இடமும் குறுகலாக இருக்கிறதா? அங்கே டயர் மாற்ற முற்படவே வேண்டாம். தேசிய நெடுஞ்சாலையில் உதவி கோர 1033 என்னும் எண் உள்ளது; காவல் உள்ளிட்ட அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108. இவற்றைக் கைபேசியில் மட்டுமன்றிப் பிள்ளைகளின் மனத்திலும் பதித்து வைப்பது நலம்.

ஸ்டெப்னி மாற்றும் முறை

ஸ்டெப்னி என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் மாற்றுச் சக்கரம் கொண்டுசெல்லும் வழக்கமே இல்லை. வேல்ஸ் நாட்டின் லானெல்லி நகரில், ஸ்டெப்னி என்னும் தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் மாற்றுச் சக்கரம் ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கினர். அத்தெருவின் பெயரே நம் நாட்டுப் பஞ்சர் கடைகளில் இன்றளவும் வாழ்கிறது. ஆயினும் 2020-இல் திருத்தப்பட்ட விதிப்படி, டயரின் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. எனவே புதிய கார் வாங்கியவர்கள் பின்பெட்டியைத் திறந்து, அங்கே இருப்பது சக்கரமா, சிறு பெட்டியா என்று இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

சக்கரம் மாற்றச் சமதளமான கெட்டித் தரை வேண்டும். கைப்பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, மாற்றவேண்டிய சக்கரத்திற்கு மூலைவாட்டில் எதிரே உள்ள சக்கரத்திற்குக் கல் முட்டுக் கொடுங்கள். வண்டியைத் தூக்குமுன்பே நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பேனரை மிதித்தால் ஜாக்கி சரியும். ஜாக்கியை அதற்கென்று குறிக்கப்பட்ட இடத்தில் மட்டுமே வைக்க வேண்டும். மாற்றுச் சக்கரத்தை வண்டியின் ஓரத்தில் அடியில் தள்ளி வையுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல் அமரும். உடலின் எப்பகுதியும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. நட்டுகளை வரிசையாக அன்றி, ஒன்றுக்கு எதிரே ஒன்றாக முடுக்கி, வண்டியை இறக்கியபின் மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள். ஐம்பது கிலோமீட்டர் சென்றபின் திரும்பவும் சோதியுங்கள். ஸ்டெப்னி மற்றவற்றைவிட மெலிந்ததாயின் அதில் எழுதியுள்ள வேக வரம்பைத் தாண்டாமல் முதல் பஞ்சர் கடை வரைக்கும் செல்வதே முறை.

டியூப் இல்லாத டயரில் ஆணி ஏறியும் காற்று நிற்கிறதென்றால், ஆணியைப் பிடுங்காதீர்கள். அந்த ஆணியே அப்போதைக்கு அடைப்பாக இருக்கிறது. மெதுவாகக் கடைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

வீட்டிலேயே செய்யத் தக்கவை

நாமக்கல்லில் லாரி புறப்படுமுன் கிளீனர் ஓர் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒலி மாறினால் காற்று குறைவு என்பது அவர் அறிந்த பாடம். காரின் டயரை அவ்வாறு தட்டி அறிய இயலாது. அளவு பார்க்கும் கருவிதான் வேண்டும். மாதம் ஒருமுறையும், நெடும்பயணத்திற்கு முன்னும், வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முந்தியே காற்றளவைப் பாருங்கள். எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் பக்கத்துக் கதவின் உட்புறத்திலோ, பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கலாகாது.

காற்று மிகுந்தால் டயர் வெடிக்கும் என்று அஞ்சிப் பலர் குறைத்தே அடிக்கிறார்கள். உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அதனால் பக்கச்சுவர் சூடேறி உள்ளிழைகள் நைந்து போகின்றன. நம் சமவெளியின் கோடையில், ஆள்களும் மூட்டைகளும் நிறைந்த வண்டியின் டயர் வெடிப்பதற்கு இதுவே முதன்மையான காரணம். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடியிருப்பது இயல்பே. அப்போது காற்றை இறக்கிவிட்டால், குளிர்ந்தபின் அது குறைந்து போகும்.

அடுத்து, பட்டன். சட்டவிதிப்படி கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. அளவுகோல் வேண்டியதில்லை, பள்ளங்களின் அடியில் குறுக்கே சிறு மேடுகள் உள்ளன. டயர் தேய்ந்து அம்மேடுகளோடு மட்டமாகிவிட்டால் அது மொட்டை டயர். மழைநீர் வெளியேற வழியின்றி வண்டி நீரின்மேல் வழுக்கும். டயருக்கு வயதும் உண்டு. பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் காணப்படும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஐந்தாண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் கைதேர்ந்தவரிடம் காட்டுங்கள். வெடிப்போ புடைப்போ கண்டால் வயதைப் பாராமல் மாற்றுங்கள். ஸ்டெப்னிக்கும் இவை யாவும் பொருந்தும்.

பியூஸ் என்னும் காவலாளி

பியூஸ் வேண்டுமென்றே வலிமை குறைத்துச் செய்யப்பட்ட ஒரு கம்பி. மின்னோட்டம் அளவு மீறினால், வயர் தீப்பற்றுமுன் தான் உருகி அதைத் துண்டிக்கிறது. இன்றைய கார்களில் அவை நிறத்தால் அறியப்படுகின்றன: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. எது எதற்குரியது என்ற படம் பியூஸ் பெட்டியின் மூடியிலோ காரின் கையேட்டிலோ இருக்கும். சாவியை அணைத்துவிட்டு, உருகியதை எடுத்து, அதே அளவுள்ளதைப் பொருத்த வேண்டும். பத்து இருந்த இடத்தில் முப்பதைப் பொருத்துவதும், சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிச் செருகுவதும் காவலாளியைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனுக்குக் கதவு திறப்பதற்கு ஒப்பாகும். புதிய பியூசும் உடனே போனால் பழுது வேறெங்கோ உள்ளது; எலக்ட்ரீஷியனிடம் காட்டும்வரை அதைத் தொடாதீர்கள். இரவில் கையிருப்பு இல்லையேல், பாட்டுப்பெட்டிக்குரிய பியூஸ் அதே அளவாயிருந்தால் அதை எடுத்து விளக்கிற்குப் பொருத்தலாம். பாட்டின்றி வீடு சேரலாம். விளக்கின்றிச் சேர இயலாது.

புறப்படுமுன் ஒருவர் பிரேக்கை மிதிக்க, மற்றொருவர் பின்னால் நின்று விளக்குகளைப் பாருங்கள். பிள்ளைகள் இவ்வேலையை மிக்க மகிழ்வோடு செய்வார்கள். முக்கோணப் பலகை, டார்ச் விளக்கு, ஜாக்கி, ஸ்பேனர், நான்கைந்து பியூஸ்கள் ஆகியவற்றை ஒரு பையிலிட்டு மூட்டைகளுக்கு மேலே வையுங்கள். அடியில் வைத்தால், இருட்டில் நெடுஞ்சாலையோரம் நின்று அத்தனை மூட்டைகளையும் இறக்க நேரும்.

அன்று புதுச்சத்திரத்தருகே நமக்கு உதவிய ஓட்டுநரிடமும் முக்கோணப் பலகை இருக்கவில்லை. அவர் நான்கு பெரிய கற்களை உருட்டி வந்து, ஒடித்த வேப்பங்கிளையோடு சாலையின் விளிம்பில் வரிசையாக வைத்தார். டயர் மாற்றி முடிந்ததும் நாம் நன்றி கூறிப் பணம் நீட்டினோம். அவர் வாங்கவில்லை. நாம் ஏறி அமர்ந்து என்ஜினை முடுக்கினோம். அவரோ டார்ச்சை ஏந்திக்கொண்டு பின்னோக்கி நடந்தார். எதற்கென்று நமக்கு விளங்கவில்லை. வைத்த நான்கு கற்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வேலிக்கு அப்பால் போட்டுவிட்டே தம் லாரிக்குத் திரும்பினார்.

வண்டி பழுதானவர்கள் கற்களை வைக்கிறார்கள். பழுது தீர்ந்ததும் அப்படியே விட்டுச் சென்றுவிடுகிறார்கள். பின்னிரவில் அவ்வழியே மொபெட்டில் பால் கொண்டு வருபவரும், ஆலை வேலை முடிந்து சைக்கிளில் திரும்புபவரும் அக்கற்களின்மேல் ஏறி விழுகிறார்கள். நம் ஆபத்து நீங்கியபோது அதைப் பிறர் வழியில் விட்டுச் செல்வது நீதியாகாது. இனி நம் வண்டி எங்கே நின்றாலும் முதலில் குழந்தைகளை இறக்குவோம். கடைசியில் கற்களை எடுப்போம். அக்கற்களில் இடறாமல் வீடு சேர்ந்தவர் நம்மை அறியமாட்டார். அவர் சேர்ந்தார் என்பதே நமக்குப் போதும்.