பாதி கட்டி முடித்த கடன்

கடன் கொடுத்த வங்கி ஒரு கட்டத்தில் இறங்கிவந்து, நிலுவை முழுவதையும் கேளாமல் அதில் பாதியையோ மூன்றில் ஒரு பங்கையோ கட்டினால் போதும் என்று சம்மதித்து, அந்தத் தொகையைக் கடன்பட்டவரும் நகையை விற்றோ உறவினரிடம் கைமாற்று வாங்கியோ கட்டிவிட்டால், அக்கணமே கடனும் தீர்ந்தது, சிபில் பதிவேட்டில் இருந்த களங்கமும் நீங்கியது, இனி எந்த வங்கியின் படியையும் தயக்கமின்றி ஏறலாம் என்னும் நம்பிக்கை நம் நடுத்தரக் குடும்பங்களில் ஆழ வேரூன்றியிருக்கிறது. படித்தவர், படியாதவர் என்ற பேதம் இதில் இல்லை. வசூலுக்கு வருகிறவர் இதைச் சொல்கிறார்; அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் சொல்கிறார்; கைப்பேசியில் வரும் விளம்பரமும் சொல்கிறது. இந்த நம்பிக்கையின் முற்பாதி மெய், பிற்பாதி பொய். கடன் தீர்கிறது, பதிவு தீர்வதில்லை. அந்தப் பிற்பாதியை நம்பிப் பலர் தம் வாழ்க்கைத் திட்டங்களையே அமைத்துக்கொண்டு பின்னர் தவிக்கிறார்கள் என்பதனால், இதைத் தாட்சண்யமின்றிக் கண்டிப்பது அவசியமாகிறது.

சிபில் என்று நாம் பொதுப்பெயரிட்டு அழைக்கும் ஸ்தாபனம் 2000-ஆம் ஆண்டில் தோன்றியது. 2005-ஆம் ஆண்டில் கடன் தகவல் நிறுவனங்களுக்கென்று தனிச் சட்டமே இயற்றப்பட்டது. இன்று சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு இந்தத் தொழிலை நடத்துகின்றன. கடன் கொடுப்போர் முன்பெல்லாம் மாதம் ஒரு முறை இவர்களுக்கு அனுப்பிய விவரங்களை, 2025 ஜனவரி முதல் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அனுப்பவேண்டும் என்று விதி வந்தது. இந்தப் பதிவேட்டைப் பாக்கிக் கணக்கு என்று மக்கள் எண்ணுகிறார்கள். பாக்கி பூஜ்யமானால் பெயர் சுத்தம் என்பது அவர்கள் தர்க்கம். ஆனால் அது பாக்கிக் கணக்கு மட்டுமன்று. கடன்பட்டவரின் நடத்தையைப் பற்றிய சரித்திரம். எந்த மாதத்தில் தவணை எத்தனை நாள் தாமதமாயிற்று என்பது மாதவாரியாக அதில் ஏறுகிறது. கணக்கு எவ்விதம் முடிந்தது என்பதும் தனியே குறிக்கப்படுகிறது. முழுவதும் கட்டியவரின் கணக்குக்கு ‘குளோஸ்டு’ என்றும், குறைத்துக் கட்டியவரின் கணக்குக்கு ‘செட்டில்டு’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டிலும் பாக்கி பூஜ்யந்தான். ஆனால் அடுத்துக் கடன் கொடுக்க வருகிறவர் வாசிப்பது பூஜ்யத்தை அல்ல, அதன் பக்கத்தில் இருக்கும் அந்தச் சொல்லை.

ஒருவர் கடன் அட்டையில் அறுபதினாயிரம் ரூபாய்க்குப் பொருள் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். வேலை போயிற்று; கட்ட இயலவில்லை. மாதம் நூற்றுக்கு மூன்றரை வீதம் வட்டியும், தாமதக் கட்டணமும், அவற்றின் மீது வரியும் ஏறி, இரண்டு ஆண்டுக்குள் நிலுவை ஒரு லட்சத்து நாற்பதினாயிரம் ஆகிவிடுகிறது. வங்கி ஐம்பத்தைந்தாயிரத்துக்கு ஒத்துக்கொள்கிறது. அவர் கட்டுகிறார், இனி உரிமை கோரமாட்டோம் என்று வங்கி கடிதமும் தருகிறது. மூன்று ஆண்டு கழித்து, நல்ல வேலையும் சேமிப்பும் வந்தபின், வீடு வாங்க வேறொரு வங்கிக்குப் போகிறார். அங்குள்ள அதிகாரியின் கண்ணில் படுவது, இவர் ஐம்பத்தைந்தாயிரம் கட்டிய செய்தியன்று; எண்பத்தைந்தாயிரத்தை ஒரு வங்கி இவரிடம் இழந்தது என்ற செய்தி. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது, அல்லது கூடுதல் வட்டியும் கூடுதல் ஜாமீனும் கேட்கப்படுகின்றன. ‘அப்போதே கணக்கை முடித்துவிட்டேனே!’ என்று அவர் கடிதத்தை நீட்டுகிறார். கடிதம் பொய்யன்று, அது சொல்வது பழைய வங்கி இனி அவரைத் தொந்தரவு செய்யாது என்பதை மட்டுமே. புதிய வங்கி அவரை நம்பவேண்டும் என்று அந்தக் கடிதத்தில் எங்கும் எழுதவில்லை.

இந்தத் தவறான எண்ணம் நம்மிடம் எப்படி வந்தது என்பதை யோசித்தால், அது அறியாமையினால் மட்டும் வந்ததன்று என்பது புலப்படும். புரோநோட்டின் மேல் கடன் வாங்கிப் பழகிய சமூகம் நம்முடையது. கட்டக் கட்டப் புரோநோட்டின் பின்புறம் வரவு எழுதுவார்கள். முடியாமற்போனால் ஊர்ப் பெரியவர்கள் நடுவில் இருந்து, வட்டியைத் தள்ளி அசலோடு விடும்படி சொல்வார்கள். பணம் கைமாறியதும் புரோநோட்டை எல்லோர் எதிரிலும் கிழித்துப் போடுவார்கள். காகிதம் கிழிந்தால் கடன் கிழிந்தது. அந்த ஞாபகத்தோடுதான் இன்றும் வங்கியின் கடிதத்தைப் பெற்றுக்கொள்கிறோம். ஆனால் அந்தக் காலத்திலும் காகிதந்தான் கிழிந்ததேயொழிய, ஊரின் நினைவு கிழியவில்லை. பாதிக்குப் பாதி முடித்தவருக்கு மறுபடி கடன் கொடுக்குமுன் மற்றொரு லேவாதேவிக்காரர் நாலு பேரிடம் விசாரிக்கத்தான் செய்தார். ஊர்வாய் செய்த அந்த வேலையை இன்று சட்டப்படி அமைந்த நான்கு நிறுவனங்கள், தேசம் முழுவதற்கும், மறதியின்றிச் செய்கின்றன.

‘அசலை வட்டியோடு பலமுறை கட்டியாயிற்று, வட்டிக்கு வட்டிதானே தள்ளினார்கள், அதற்கு ஏன் தண்டனை?’ என்று கேட்பவர்களின் மனக்குறையை நான் அலட்சியம் செய்யவில்லை. கடன் அட்டையின் வட்டி கொடியது என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த நியாயத்தை வழக்காட வேண்டிய இடம் வேறு. ஒப்புக்கொண்ட தொகை இவ்வளவு, வந்து சேர்ந்தது இவ்வளவு என்று பதிவேடு சொல்கிறது, அது உண்மைதான். ரிசர்வ் வங்கியே 2023 ஜூன் மாதத்தில் வெளியிட்ட சுற்றறிக்கையில், இவ்வாறு சமரசம் செய்துகொண்டவருக்கு அதே நிறுவனம் மறுபடி கடன் கொடுக்கக் குறைந்தபட்சம் 12 மாத இடைவெளி இருக்கவேண்டும் என்று விதித்திருக்கிறது. விவசாயக் கடனுக்கு மட்டும் அந்தக் காலத்தை அந்தந்த நிறுவனமே நிர்ணயித்துக்கொள்ளலாம். சமரசம் என்பது பெயரைச் சுத்தம் செய்யும் சடங்காக இருந்தால், இப்படியொரு இடைவெளிக்கே அவசியம் நேர்ந்திராது. பதிவின் நிழல் கடனோடு நிற்பதுமில்லை. 2025-ஆம் ஆண்டில், பாரத ஸ்டேட் வங்கி தான் வழங்கிய வேலை நியமனம் ஒன்றை, அந்த இளைஞரின் கடன் சரித்திரத்தில் தவணை தவறியிருந்ததைக் காரணமாகக் காட்டி ரத்து செய்தபோது, நிலுவையையெல்லாம் கட்டி முடித்துவிட்டதாக அவர் வாதித்தும், சென்னை உயர் நீதிமன்றம் வங்கியின் முடிவையே ஏற்றுக்கொண்டது.

இனி, ஏழு ஆண்டு என்னும் இன்னொரு ஆறுதல் வார்த்தை உலவுகிறது. ஏழு ஆண்டு பொறுத்தால் பதிவு தானாகவே அழிந்துபோகும் என்கிறார்கள். கடன் தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டு காப்பாற்றி வைக்கவேண்டும் என்பதுதான் விதி. குறைந்தது என்று சொன்னதை அதிகபட்சம் என்று படித்து, அதன்மேல் ஒரு குடும்பத்தின் வீட்டுக் கனவைக் கட்டுவது விபரீதம். காசு கொடுத்தால் பதிவை அழித்துத் தருவோம் என்று சொல்பவர்களைப் பற்றியோ நான் அதிகம் எழுத விரும்பவில்லை. அவர்கள் சொல்வது முழு மோசடி. தகவலை அனுப்பிய கடன் நிறுவனம் ஒப்புக்கொள்ளாமல் சிபில்கூடத் தன்னிஷ்டப்படி ஓர் எழுத்தை மாற்றுவதில்லை.

ஆனால் மற்றொரு கூட்டத்தாரைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும். கடனைப் பாதியாக்கித் தருகிறோம் என்று கட்டணம் பெறும் இடைத்தரகர்கள் இன்று ஒவ்வொரு நகரத்திலும் இருக்கிறார்கள். அவர்களுள் சிலர் கொடுக்கும் முதல் ஆலோசனை, ‘தவணை கட்டுவதை நிறுத்துங்கள்’ என்பது. தொண்ணூறு நாளுக்கு மேல் நிலுவையானால் கணக்கு வாராக்கடன் ஆகும்; வாராக்கடன் ஆனால்தான் வங்கி பேரத்துக்கு வரும் என்பது அவர்கள் கணக்கு. சிரமப்பட்டேனும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதரை, கட்டும் சக்தி இருக்கும்போதே, வேண்டுமென்று தவறவைத்து, அவருடைய சரித்திரத்தில் மூன்று நான்கு மாதத் தாமதத்தை ஏற்றி, அதன்மேல் ‘செட்டில்டு’ என்ற சொல்லையும் ஏற்றி, ஜாமீன் கையெழுத்திட்ட மைத்துனரோ நண்பரோ இருந்தால் அவருடைய பதிவிலும் அந்தக் கறையைப் படியவைத்து, இத்தனைக்கும் கட்டணமும் வாங்கிக்கொள்ளும் இந்தத் தொழிலை உபகாரம் என்று நான் ஒருகாலும் சொல்லமாட்டேன். வங்கி இணங்காவிட்டாலோ அவர் நிலை இன்னும் மோசம். கடனைக் குறைத்து முடித்துக்கொள்வது கடன்பட்டவரின் உரிமையன்று என்று உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் தெளிவாகவே தீர்ப்புரைத்திருக்கிறது. வாராத சலுகையை நம்பித் தவணையை நிறுத்தியவர், ஏறிய வட்டியோடும் கெட்ட பெயரோடும் தனியே நிற்பார்.

குறைத்துக் கட்டினாலும் பெயர் கெடாது என்பதற்கு, அரசாங்கங்கள் விவசாயக் கடனைத் தள்ளுபடி செய்வதையும் சிலர் உதாரணம் காட்டுகிறார்கள். அது வேறு விஷயம். 2008-ஆம் ஆண்டு மத்திய அரசின் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளின் நிலுவை முழுவதையும், மற்றவர்கள் முக்கால் பங்கு கட்டினால் மீதிக் கால் பங்கையும், அரசாங்கமே வங்கிகளுக்கு ஈடுசெய்ய ஏற்றுக்கொண்டது. விவசாயிகளுக்குப் புதுக் கடன் கிடைக்க வழிசெய்வதும் அத்திட்டத்தின் நோக்கமாக இருந்தது. தனி மனிதர் செய்துகொள்ளும் சமரசத்தில் அவருக்காகப் பணம் கட்ட எவரும் இல்லை; நஷ்டம் வங்கியினுடையதாகவே நிற்கிறது. லோக் அதாலத்தில் முடித்தால் நீதிமன்ற முத்திரை இருக்கிறதே என்பாரும் உண்டு. அங்குப் பிறக்கும் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்தான். அதன்மேல் அப்பீலும் இல்லை. அந்த முத்திரை வழக்கை முடிக்கிறது. குறைத்துக் கட்டிய தொகையை முழுத் தொகையாக மாற்றும் சக்தி அதற்கு இல்லை.

இவ்வளவும் சொன்னதனால், சமரசமே கூடாது என்று நான் பிரசாரம் செய்வதாக எவரும் கொள்ளவேண்டாம். வீட்டில் சம்பாதித்தவர் இறந்து, அல்லது பெருநோய் கண்டு, அல்லது தொழில் நொடித்து, இனிக் கட்டவே வழியில்லை என்ற நிலையில் உள்ள குடும்பத்துக்கு அது நியாயமான பரிகாரம். வசூலுக்கு வருபவரின் நித்திய அவமானத்திலிருந்து அது விடுதலை தருகிறது. கட்டாமலே விட்டுவிட்ட கடன் ‘ரிட்டன் ஆஃப்’ என்று பதிவாவதைவிட ‘செட்டில்டு’ மேலானது. ‘ரிட்டன் ஆஃப்’ என்றால் வங்கி கடனை மன்னித்துவிட்டது என்று எண்ணுவதும் பிசகு. அது வங்கியின் கணக்குப்புத்தக ஏற்பாடு, வசூலிக்கும் உரிமை அப்படியே இருக்கிறது. நான் ஆட்சேபிப்பது, கட்டச் சக்தியுள்ளவர் இதைத் தள்ளுபடி விற்பனையாக எண்ணி ஏமாறுவதைத்தான். அப்படிப்பட்டவர் தவணைக் காலத்தை நீட்டிக் கேட்கலாம். வட்டியைக் குறைக்கக் கேட்கலாம். குறைந்த வட்டிக் கடன் வாங்கி அட்டைக் கடனை முழுவதும் அடைக்கலாம். காலத்தை நீட்டி மறுசீரமைத்ததும் பதிவில் ஏறக்கூடும். ஆயினும் கடைசிக் காசு வரை கட்டியவர் என்ற பெயர் நிலைக்கிறது.

முன்பே சமரசம் செய்துகொண்டவர்களும் மனம் தளரவேண்டியதில்லை. வசதி வந்தபோது அதே வங்கியை அணுகி, விட்டுக்கொடுத்த தொகையைக் கட்ட முன்வந்து, கணக்கைக் ‘குளோஸ்டு’ என்று மாற்றி அனுப்புவதாக எழுத்து மூலம் சம்மதம் பெற்று, அதன்பிறகே பணம் கட்டி, நிலுவையின்மைச் சான்றையும் கையில் வாங்குங்கள். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாக முழு அறிக்கை தரக் கடமைப்பட்டவை. அதை வரவழைத்துப் பாருங்கள். முழுவதும் கட்டியும் ‘செட்டில்டு’ என்று தவறாக இருந்தால் புகார் எழுதுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் கட்டளையிட்டிருக்கிறது. அதற்கும் மேலே ரிசர்வ் வங்கியின் குறைதீர் அதிகாரி இருக்கிறார்.

வங்கிகளிடமும் ஒன்று கேட்கிறேன். சமரசக் கடிதத்தை வாடிக்கையாளர் கையில் கொடுக்குமுன், இந்தக் கணக்கு இன்ன சொல்லால் பதிவாகும், விட்டுக்கொடுத்த தொகை இவ்வளவு என்று பதிவில் நிற்கும், அடுத்த கடனுக்கு இது தடையாகலாம் என்னும் மூன்று வாக்கியங்களை, அவர் வாசிக்கக்கூடிய தமிழில், கையெழுத்திடும் இடத்துக்கு மேலேயே அச்சிடுங்கள். அப்படி அச்சிடாத கடிதத்தில், வாசகர்களே, கையெழுத்திடாதீர்கள்.