இரண்டு நங்கூரம், ஒரே கயிறு

"ஒன்று நின்றால் இன்னொன்று இருக்கிறது." பொறியாளர் கூட்டங்களில் எனக்கு எரிச்சல் மூட்டும் வாக்கியம் இதுதான். நம் ஊர் அனல்மின் நிலையத்தைப் பற்றிப் பேசுகிறவர்களும் இதையே சொல்கிறார்கள். 1979 முதல் 1992 வரை ஒவ்வொன்றாக வந்த ஐந்து யூனிட்டுகள், ஒவ்வொன்றும் 210 மெகாவாட். ஐந்தில் ஒன்று படுத்தால் என்ன, நாலு ஓடுமே என்பார்கள்.

பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் ஈருறுப்புப் பரவல்தான் இவர்களுக்கு ஆயுதம். ஒரு பேச்சுக்கு, ஒவ்வொரு யூனிட்டும் நூறு நாளில் இருபது நாள் நிற்கிறது என்று வைப்போம். ஐந்தும் ஒரே நாளில் நிற்க 0.2 என்பதை ஐந்து முறை பெருக்க வேண்டும். விடை 0.00032. அதாவது 3,125 நாளுக்கு ஒரு நாள், ஏறத்தாழ எட்டரை வருடத்தில் ஒரே ஒரு நாள். கேட்க இனிக்கிறது.

கணக்கில் தப்பில்லை, அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒன்று நிற்பதற்கும் மற்றொன்று நிற்பதற்கும் சம்பந்தமே இருக்கக்கூடாது. இங்கே அப்படியா இருக்கிறது? ஒடிசா நிலக்கரி ஒரே துறைமுகத்தில்தான் இறங்குகிறது. குளிர்விக்க ஒரே கடல். நிற்கும் நாட்களில் பத்தில் ஒரு பங்கு ஐந்துக்கும் பொதுவான காரணத்தால் என்று வைத்துப் பாருங்கள். 0.2-ல் பத்தில் ஒன்று 0.02. இப்போது ஐம்பது நாளுக்கு ஒரு நாள் ஐந்தும் படுக்கும். எட்டரை வருடம் எங்கே, ஐம்பது நாள் எங்கே?

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2025 மார்ச்சில் கேபிளில் பிடித்த தீயால் முதல் மூன்று யூனிட்டுகளிலும் உற்பத்தி நின்றது. மூன்று தனித்தனிப் பழுதா நேர்ந்தது? ஒரே தீ! 2011-ல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் டீசல் ஜெனரேட்டர்கள் பல இருந்தன. கீழ்த்தளத்தில் இருந்தவற்றை ஒரே சுனாமி மூழ்கடித்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, சாலை போனால் ரயில், ரயில் போனால் போன் என்று யாராவது சொல்ல முடிந்ததா? எல்லாம் சேர்ந்தே போயின. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் ஸ்ரீவைகுண்டத்தில் தவித்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

"எல்லாவற்றையும் தனித்தனியாக அமைக்கப் பணம் எங்கே?" என்று கேட்பார்கள். புது யூனிட் கேட்கவில்லை ஐயா. கேபிள்கள் தனித்தனி வழியில் போகட்டும். நடுவே தீ தாண்டாத சுவர் எழும்பட்டும். பம்புகளும் சுவிட்ச் போர்டுகளும் வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். இன்னொன்று: எத்தனை சதவீதம் ஓடியது என்ற சராசரியோடு, இரண்டுக்கு மேற்பட்ட யூனிட்டுகள் சேர்ந்து நின்ற நாட்களையும் அதற்கான காரணத்தையும் தனியாக எழுதி வெளியிடட்டும். இதற்குக் காசு வேண்டாம், நேர்மை போதும்.

நம் கடற்கரையில் வள்ளம் ஓட்டுகிற எவரிடமும் கேளுங்கள். இரண்டு நங்கூரத்தை ஒரே கயிற்றில் கட்டிவிட்டு, எனக்கு இரண்டு நங்கூரம் இருக்கிறது என்று சொல்பவனோடு யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள்.